பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை: எது காத்திருக்கும், எது காத்திருக்காது



வருகிற மே மாத விடுமுறையில் நமது அறக்கட்டளையின் இலவச சுன்னத் முகாம் வழக்கம்போல் நடைபெற இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். இந்த ஆண்டு ஒரு புதிய நிபந்தனை சேர்த்திருக்கிறோம். குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, சுன்னத் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகே முகாமில் பெயர் பதியப்படும். "காலங்காலமாக இல்லாத வழக்கம் இப்போது எதற்கு?" என்று சிலர் அலுவலகத்துக்கே வந்து கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பிள்ளைகளுக்கு வரும் மற்ற சில நோய்களையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறோம். சில இடங்களில் உடலின் உறுப்புகளைப் பெயர் சொல்லியே பேச வேண்டியிருக்கிறது. மார்க்கச் சட்டம் படிக்கும்போது தூய்மையைப் பற்றிய பாடத்தில் இவற்றை வெட்கப்படாமல்தான் ஓதினோம். மருத்துவத்திலும் அப்படியே இருப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது முகாமுக்கு நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை அழைத்து வந்தார்கள். கூட வந்த நன்னி, "இவன் பிறக்கும்போதே பாதி சுன்னத்தோடு பிறந்தவன்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அங்கிருந்த நாங்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றோம். மேல்பக்கம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த தோலை அன்று வெட்டி எடுத்தார்கள். புண் ஆறியது, பிள்ளையும் வீடு போய்ச் சேர்ந்தான். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையின் தாய் ஒரு மருத்துவமனைச் சீட்டோடு எங்கள் முன் வந்து நின்றார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சிறுநீர் கழிக்கப் போவதில்லை, அடக்கிக்கொண்டே இருக்கிறான், நின்றால் சிறுநீர் காலிலேயே விழுகிறது என்று சொன்னார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, சிறுநீர் வரும் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கிறது, இது பிறவியிலேயே உள்ள குறை என்றிருக்கிறார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: "இதைச் சரி செய்யத் தேவையான தோலை ஏன் வெட்டினீர்கள்?"

அந்தத் தோலை வெட்டியது எங்கள் முகாமில்தான். கடைசியில் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, இரண்டு தடவையாக அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். செலவை அறக்கட்டளை ஏற்றது. அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

'சுன்னத்தோடு பிறந்த பிள்ளை'

இந்தக் குறைக்கு மருத்துவத்தில் ஹைப்போஸ்பேடியாஸ் என்று பெயர். இது அரிதான ஒன்றல்ல. ஏறக்குறைய 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. தாயின் வயிற்றில் சிறுநீர்க் குழாய் உருவாகி நுனிவரை மூடிக்கொண்டு வர வேண்டும். நடுவழியில் அது நின்றுவிட்டால் துவாரம் அடிப்பக்கத்திலேயே அமைந்துவிடுகிறது. அப்போது முன்தோலும் சுற்றிலும் வளராமல், மேல்பக்கம் மட்டும் முக்காடு போட்டதுபோல் நிற்கும். முனை வெளியே தெரிவதால்தான் பார்ப்பவர்களுக்கு அது சுன்னத் செய்ததுபோல் தோன்றுகிறது. உறுப்பு கீழ்நோக்கி வளைந்திருப்பதும் சில பிள்ளைகளிடம் உண்டு. கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் திருமண வாழ்வுக்கும் சந்ததிக்கும் இடையூறாகலாம். ஆடையில் சிறுநீர் படாமல் தொழுகைக்கு நிற்பதும் அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு போராட்டமாகிவிடும்.

சரி செய்யும் மருத்துவருக்கு அந்த மேல் தோல்தான் மூலப்பொருள். அதைக்கொண்டுதான் புதுக் குழாய் செய்வார், அல்லது செய்த குழாயின்மேல் போர்த்துவார். ஆகவே இந்தக் குறை இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே சுன்னத்தைத் தள்ளிப்போட வேண்டும். பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இந்த அறுவை சிகிச்சையைச் செய்கிறார்கள். அந்த வயதில் செய்தால் பிள்ளைக்கு அது நினைவில் நிற்பதில்லை. அதே சிகிச்சையின்போது சுன்னத்தும் முடிந்துவிடுவதுண்டு. முன்தோலை எடுத்ததுபோக மிச்சமிருப்பது எப்படியும் சுன்னத் செய்த தோற்றம்தான்.

ஏழாம் நாளே சுன்னத் செய்வது சிறப்பு என்று கற்றிருக்கிறோமே, தள்ளிப்போடலாமா என்ற கேள்வி வரும். நமதூர் ஆலிம்களிடம் இதைக் கேட்டோம். பிள்ளை பலவீனமாக இருந்தாலோ, செய்தால் தீங்கு வரும் என்றாலோ பொறுத்திருப்பதற்கு இடம் உண்டு, ஃபிக்ஹு நூல்களிலேயே அதற்கு வழி இருக்கிறது என்று விளக்கினார்கள். இதில் யாரும் மனச்சங்கடப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. துவாரம் கீழே இருப்பதோடு, விதைப்பையில் இரண்டு விதைகளும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், அந்தக் குழந்தையைப் பிறந்த சில நாட்களுக்குள்ளேயே பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும். சில சமயம் உள்ளே ஹார்மோன் கோளாறு இருக்கும், அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இரத்தம் நிற்காத குடும்பங்கள்

சுன்னத்துக்கு முன் மருத்துவர் கேட்கும் இன்னொரு கேள்வி, தாய்வழியில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் இருக்கிறதா என்பது. தாய்மாமன், தாயின் தாய்மாமன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பல் பிடுங்கியபோது இரண்டு நாள் இரத்தம் நிற்கவில்லை, சின்னதாக விழுந்தாலும் முட்டி வீங்கிவிடும், மூத்த பையனுக்குச் சுன்னத் செய்தபோது படாத பாடு பட்டோம் என்பதெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை. ஹீமோஃபிலியா என்ற இந்த நோயைப் பெண்கள் சுமக்கிறார்கள், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம்தான் அது வெளிப்படுகிறது. அந்தலூசியாவின் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சிறு காயத்துக்கே இரத்தம் போய் ஆண்கள் இறந்த ஒரு கிராமத்தைப் பற்றித் தமது மருத்துவ நூலில் எழுதி வைத்திருக்கிறார். முப்பது பாகங்கள் கொண்ட அந்த நூலின் கடைசிப் பாகம் முழுவதும் அறுவை சிகிச்சை பற்றியது. அவர் வரைந்து காட்டிய கருவிகளைப் பார்த்து ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டு கற்றார்கள். அவருடைய வழியில் வந்தவர்கள் என்று பெருமை பேசுகிற நாம், பெயர் பதியும்போது ஒரு கேள்விக்கு உண்மையான பதில் சொல்லத் தயங்கலாமா? நோய் இருக்கிறது என்று தெரிந்தாலும் சுன்னத் செய்யவே முடியாது என்பதில்லை. இரத்தம் உறைவதற்கான காரணி ஊசியைப் போட்டு, மருத்துவமனையில் வைத்துச் செய்வார்கள். முகாமில் மட்டும் கூடாது.

இறங்க வேண்டியது இறங்காமலும், மூட வேண்டியது மூடாமலும்

ஆண் குழந்தையின் விதைகள் முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் அவை தொடை இடுக்கு வழியாக இறங்கி விதைப்பைக்கு வருகின்றன. வரும்போது வயிற்றின் உள் சவ்வில் ஒரு பையும் கூடவே இறங்கும். விதை வந்து சேர்ந்ததும் அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மூன்று நோய்கள் புரிந்துவிடும்.

விதை பாதி வழியில் நின்றுவிட்டால் அது இறங்காத விதை. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இப்படி இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். முதல் சில மாதங்களில் பல குழந்தைகளுக்குத் தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் அதற்குமேல் இறங்குவது அரிது. அப்போது மருத்துவரிடம் காட்டி, ஒன்றரை வயதுக்குள் சரி செய்துவிட வேண்டும். வயிற்றுச் சூட்டில் கிடக்கிற விதை நாளாக ஆகச் சக்தியை இழக்கும், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். "வயசுக்கு வந்தால் இறங்கிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பிப் பன்னிரண்டு வயதுவரை காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். குளிப்பாட்டும்போது வெந்நீரில் உட்காரவைத்துப் பாருங்கள். அப்போது கீழே வந்து, குளிர்ந்தால் மேலே ஓடிப்போகிற விதை வேறு. அதற்குப் பெரும்பாலும் கண்காணிப்பு மட்டும் போதும்.

பாதை மூடாமல், குடல் நுழையும் அளவுக்கு அகலமாக இருந்தால் அது குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. அழும்போதும் முக்கும்போதும் தொடை இடுக்கில் உருண்டையாகப் புடைக்கும், தூங்கும்போது உள்ளே போய்விடும். பெரியவர்களின் ஹெர்னியாவைப் போலப் பளு தூக்கியதால் வருவதல்ல இது. தானாக மூடுவதுமில்லை. கச்சை கட்டுவதாலும் எண்ணெய் தடவுவதாலும் பயன் இல்லை. பெண் குழந்தைகளுக்கும் வரும். அவர்களுக்குக் குடலுக்குப் பதில் கருமுட்டைப்பை வந்து மாட்டிக்கொள்வதுண்டு, பாதாம் பருப்பு அளவில் கைக்குத் தட்டுப்படும். குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆபத்து. வெளியே வந்த குடல் திரும்ப உள்ளே போக முடியாமல் இறுகிவிட்டால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். வீக்கம் கல்லுபோல் கடினமாகி, தோல் சிவந்து, குழந்தை ஓயாமல் அழுது வாந்தியும் எடுத்தால் அந்த நிமிடமே வண்டி பிடிக்க வேண்டும்.

இங்கே எங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த இரண்டு மாதக் குழந்தைக்கு ஹெர்னியா, அறுவை சிகிச்சைக்கு உதவி வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வந்தது. எங்கள் உதவிக்குழு மாதத்தின் முதல் ஞாயிறு கூடும். விண்ணப்பம் கோப்பில் காத்திருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நள்ளிரவு குழந்தைக்குக் குடல் இறுகிவிட்டது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அன்றிரவே மருத்துவர்கள் அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்தப் பக்கத்து விதை மட்டும் சுருங்கிப்போனது. அங்கே ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்பதை அந்த அத்தா வந்து சொன்னபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை. முதல் நாளே, "எங்களிடம் காத்திருக்காதீர்கள், அங்கே போங்கள்" என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் விண்ணப்பம் கூட்டத்துக்குக் காத்திருப்பதில்லை. செயலாளரும் பொருளாளரும் தொலைபேசியில் பேசி அன்றே முடிவு செய்கிறோம்.

பாதை மூடாவிட்டாலும் குடல் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலாக இருந்தால், வயிற்றிலுள்ள நீர் மட்டும் கசிந்து விதைப்பை வீங்கும். ஹைட்ரோசீல் எனப்படும் இது காத்திருக்கும். ஒன்று இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். தொப்புள் பிதுக்கமும் அப்படித்தான். நான்கைந்து வயதுவரை விட்டுவிட்டால் அநேகமாக மூடிக்கொள்ளும். அதன்மேல் காசு வைத்துத் துணியால் கட்டுவதால் தோல் புண்ணாகுமே தவிர ஓட்டை அடைபடாது.

உரம் எடுப்பதற்கு முன்

கைக்குழந்தை விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுக்க ஆள் தேடுவதும் நம் வீடுகளில் இன்னும் நடக்கின்றன. ஓதிப் பார்ப்பதையும் துஆ கேட்பதையும் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் ஓதலாம்.

மூன்று மாதத்திலிருந்து மூன்று வயதுவரை, குறிப்பாக ஆறு மாதத்தை ஒட்டிய குழந்தைகளுக்குக் குடல் செருகல் என்று ஒன்று வரும். குடையை மடக்கும்போது ஒரு குழாய் இன்னொன்றுக்குள் போவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடும், பிறகு அடங்கி வெளுத்துத் துவண்டு கிடக்கும், கால் மணி அல்லது அரை மணி கழித்து மறுபடி வீறிடும். பிறகு வாந்தி, அதற்குப் பிறகு ஜெல்லிபோல் இரத்தமும் சளியும் கலந்த மலம். இதைச் சீதபேதி என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுப்பவர்கள் நிறைய. ஸ்கேன் எடுத்தால் உடனே தெரிந்துவிடும். சீக்கிரம் கொண்டுபோனால் ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ செலுத்தியே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரி செய்துவிடுகிறார்கள், கத்தியே தேவைப்படாது. ஒருநாள் இரண்டுநாள் தாமதித்து வந்தால் செத்துப்போன குடலை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும்.

வாந்தியின் நிறத்தையும் பாருங்கள். பிறந்த குழந்தை கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் பச்சையாக வாந்தி எடுத்தால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை, குடித்த பாலைத் தயிராகப் பீய்ச்சி அடித்துவிட்டு, உடனே பசித்து மறுபடி பாலுக்கு அழுகிறதென்றால் இரைப்பையின் வாசலில் தசை தடித்திருக்கலாம். ஜெர்மனியின் ராம்ஷ்டெட் 1911-இல் காட்டிய முறையில் அந்தத் தசையை மட்டும் கீறிவிடுவார்கள், ஓரிரு நாளில் குழந்தை நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கிவிடும்.

மஞ்சள் காமாலையைத் தனியே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைகள் பலருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும், போய்விடும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கண்ணில் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். ஜப்பானின் மொரியோ கசாய் 1950-களில் கண்ட அறுவை சிகிச்சை இதற்கு இருக்கிறது. அதைக் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன், நாள் செல்லச் செல்லக் கல்லீரல் கெட்டுப்போகும். நம் வீடுகளில் நாற்பது முடியும்வரை தாயையும் பிள்ளையையும் வெளியே அனுப்புவதில்லை. அந்த அறுபது நாட்களில் நாற்பது இப்படியே கழிந்துவிடுகிறது. நாற்பது குளித்த பிறகு காட்டலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். துணி மாற்றுகிற நன்னிமார்களிடம்தான் இதைச் சொல்கிறோம், மலத்தின் நிறத்தை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.

துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை

"லேசரில் செய்துவிடலாமா, தழும்பு இருக்காதே?" என்று பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது லேசர் அல்ல, லேப்ராஸ்கோப்பி. தொப்புளில் ஒரு சிறு துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் சற்று உயர்த்துவார்கள். அதன் வழியே ஒரு கேமரா, வேறு இரண்டு துளைகளில் மெல்லிய கருவிகள். சிறு பிள்ளைகளுக்கு 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமனில் கருவிகள் இருக்கின்றன. மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் 1980-இல் இப்படிக் குடல்வாலை எடுத்தபோது, அறுவை மருத்துவர்களே அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இன்று குடல்வால் அழற்சிக்கு இதுதான் வழக்கமான முறையாகிவிட்டது. வலி குறைவு, புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, பிள்ளை சீக்கிரம் எழுந்து நடக்கும்.

குடல்வால் அழற்சியில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும், பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கும். சாப்பாடு பிடிக்காது, குதிக்கச் சொன்னால் வலிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளால் இதை எடுத்துச் சொல்ல முடியாததால், அவர்களுக்குப் பெரும்பாலும் வெடித்த பிறகே தெரியவருகிறது. வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்துவிட வேண்டாம்.

லேப்ராஸ்கோப்பி உண்மையிலேயே கைகொடுக்கும் இன்னொரு இடம், கைக்குத் தட்டுப்படாத விதை. அது வயிற்றுக்குள் இருக்கிறதா, இல்லவே இல்லையா என்பதைக் கேமரா வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் இது வேண்டும் என்பதில்லை. கைக்குழந்தையின் ஹெர்னியாவைத் தொடை மடிப்பில் இரண்டு சென்டிமீட்டர் கீறலில் செய்தாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம், வளர்ந்ததும் தழும்பு மடிப்பிலேயே மறைந்துவிடும். இரண்டு முறையும் நல்ல முறைதான். எங்களுக்கு வரும் மதிப்பீட்டுச் சீட்டுகளில் துளைமுறைக்கென்று பெருந்தொகை போட்டிருப்பதைப் பார்க்கிறோம். அதற்காக நகையை அடகு வைக்கப் போகிறவர்களிடம், "திறந்து செய்தால் என்ன குறை?" என்று மருத்துவரிடமே ஒருமுறை கேளுங்கள் என்கிறோம். துளைமுறையில் தொடங்கி, பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அது மருத்துவரின் தோல்வி அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும். கெட்டியான உணவும் பவுடர் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வது வழக்கம். உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்கே முடிவானது. பிள்ளை அழுகிறதே என்று இரக்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை ஒருநாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மதரஸா விடுதிகளுக்கு

ஹிஃப்ழு மதரஸா விடுதிகளில் இருக்கும் உஸ்தாதுமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் ஆண் பிள்ளைகளுக்கு விதை முறுக்கிக்கொள்வது உண்டு. இரத்தக் குழாயும் சேர்ந்து முறுக்குவதால் ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம், மறுநாள் ஆனால் எடுத்துவிட வேண்டியதுதான். பிள்ளை வெட்கப்பட்டு, "வயிறு வலிக்கிறது" என்று மட்டும்தான் சொல்லுவான். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் அளவுக்குத் திடீர் வலியும் வாந்தியும் இருந்தால், தனியே அழைத்துப்போய், "கீழே வலிக்கிறதா?" என்று அன்பாகக் கேளுங்கள். பெற்றோர் ஊரிலிருந்து வந்து சேரட்டும் என்று காத்திருக்க இந்த நோயில் நேரம் இல்லை. விடுதியில் சேர்க்கும்போதே அவசர சிகிச்சைக்கான சம்மதக் கடிதத்தைப் பெற்றோரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி

சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், மதுரை, தஞ்சாவூர், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழியிருக்கிறது. அட்டை இல்லாமல் எங்களிடம் வருபவர்களுக்கு, முதலில் அந்த அட்டை எடுக்க உதவுகிறோம். மிச்சம் விழும் போக்குவரத்து, மருந்து, உடனிருப்பவரின் சாப்பாடு போன்றவற்றுக்கு, தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கிறோம். இப்படிச் செய்தால் ஒரு குடும்பத்துக்குப் போகிற தொகையில் நான்கு குடும்பங்களைப் பார்க்க முடிகிறது.

முகாமுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹருக்கு முன் அறக்கட்டளைக் கட்டடத்துக்குப் பிள்ளையை அழைத்து வரவும். மருத்துவர் திரைக்குப் பின் தனியாக வைத்துத்தான் பார்ப்பார், கட்டணம் இல்லை. பிள்ளையின் தாயோ தாய்வழி உறவினர் ஒருவரோ கட்டாயம் கூட வர வேண்டும், இரத்தப்போக்கு பற்றிய கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் அவர்கள்தான். முகாமில் பெயர் கொடுக்காத வீடுகளிலிருந்தும், விதை இறங்காத, தொடையில் வீக்கமுள்ள பிள்ளைகளை அன்று கொண்டுவந்து காட்டலாம். 'சுன்னத்தோடு பிறந்த பிள்ளை' உங்கள் வீட்டில் இருந்தால் அவனை முதலில் அழைத்து வாருங்கள்.